பிச்சாவரத்து வானமும் இரண்டு லட்ச ரூபாய் கேமராவும்

மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் நிரம்பி வழியும். நடராசர் தேரேறி வீதி வலம் வருவதைக் காண வந்த கூட்டத்தில் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. விழாவின் பெயருக்குரிய விண்மீன் அன்று மாலையிலேயே கிழக்கே ஏறி, நள்ளிரவை ஒட்டி உச்சிக்கு அருகில் நிற்கும். மேல்நாட்டார் பெட்டல்ஜூஸ் என்று அழைக்கும் அந்தச் செந்நிறப் பெருமீன்தான் நம்முடைய திருவாதிரை. ஒரையன் என்னும் வேட்டைக்காரனின் தோளில் அது இருக்கிறது.

விழா இரவில் முழுநிலவு அதன் பக்கத்திலேயே இருப்பதால் படமெடுக்க ஆகாது. இரண்டு வாரம் பொறுத்து, அடுத்த அமாவாசையை ஒட்டிய இரவில், சிதம்பரத்திலிருந்து 15 கிலோமீட்டர் கிழக்கே பிச்சாவரம் பக்கம் போனால் நிலைமை வேறு. சுரபுன்னைக் காட்டில் படகு சவாரி மாலையோடு முடிந்துவிடும். ஆனால் கிள்ளை, முடசல் ஓடைப் பக்கத்துக் கரைகளில் நின்றாலே ஒரையன் பகுதியின் விண்மீன்கள் கொட்டிக் கிடப்பது தெரியும். கையிலுள்ள சாதாரண டிஜிட்டல் கேமராவை முக்காலியில் பொருத்திப் பத்து விநாடி திறந்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத மீன்களும் பதியும். பதியாமல் போவது ஒன்று உண்டு. ஒரையனின் இடுப்புப் பட்டையைச் சுற்றி, பெரிய வில் வளைத்ததுபோல, ஒரு சிவப்பு ஒளிவளையம் பரவியிருக்கிறது. பர்னார்டு வளையம் என்று அதற்குப் பெயர். அந்தச் சிவப்பைத் தேடிப் போகிறவரிடம்தான், "அதற்குத் தனி அஸ்ட்ரோ கேமரா வேண்டும்" என்று யாராவது சொல்கிறார்கள். விலை இரண்டு லட்சத்தைத் தாண்டும் என்று கேட்டதும் பலர் ஆசையை அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பணம் எதற்குப் போகிறது, அதில் எவ்வளவு இந்தக் கடற்கரையில் நிற்பவருக்கு உண்மையாகவே தேவை என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். மேலைநாட்டுக் குளிருக்கும் அங்குள்ள வானத்துக்கும் எழுதப்பட்ட ஆலோசனைகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்வதால் வீணாகும் பணம் கொஞ்சமல்ல.

முதலில் அந்தச் சிவப்பு. ஹைட்ரஜன் வாயு, அருகிலுள்ள வெப்பமான விண்மீன்களின் புறஊதாக் கதிரால் தூண்டப்பட்டு 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்கிறது. ஹைட்ரஜன்-ஆல்ஃபா என்பது இதுதான். கேமராவின் சென்சாருக்கு இந்த ஒளி நன்றாகவே தெரியும். ஆனால் கல்யாண மண்டபத்தில் எடுக்கும் படத்தில் முகம் செக்கச்செவேலென்று வரக்கூடாது என்பதற்காகத் தயாரிப்பாளர்கள் சென்சாருக்கு முன்னால் ஒரு ஃபில்டர் ஒட்டி விடுகிறார்கள். அகச்சிவப்பைத் தடுக்கும் அந்தக் கண்ணாடி, 656 நானோமீட்டரிலும் பெரும்பகுதியை, ஏறக்குறைய முக்கால் பங்கை, விழுங்கிவிடுகிறது. வளையம் பதியாததற்கு முதன்மையான காரணம் இதுதான். கேனன் நிறுவனம் 2005இல் 20டிஏ, 2012இல் 60டிஏ, 2019இல் ஆர்ஏ என்றும், நிக்கான் 2015இல் டி810ஏ என்றும் இந்த ஃபில்டரை மாற்றி வானத்துக்கென்றே கேமராக்களை வெளியிட்டன. ஒன்றும் நிலைக்கவில்லை, சந்தை சிறியது. அதே மாற்றத்தைப் பழைய கேமராவில் தனியாகச் செய்து தருபவர்கள் உண்டு. பதினைந்து, இருபதாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றில் இந்தக் கண்ணாடியை நீக்கிவிட்டால், திருவாதிரையின் பக்கத்துச் சிவப்பு பாதிக்கு மேல் கைக்கு வந்துவிடும்.

இந்த வளையத்துக்குத் தன் பெயரைத் தந்த எட்வர்டு எமர்சன் பர்னார்டு, 1894இல் அதைப் படமெடுத்தபோது பயன்படுத்தியது பெரிய தொலைநோக்கி அல்ல. சுவரில் படம் காட்டும் மலிவான விளக்குப் பெட்டியின் ஒன்றரை அங்குல லென்ஸ்தான். லிக் வானோய்வகத்தில் அன்றைய உலகின் மிகப்பெரிய தொலைநோக்கிகளுள் ஒன்று இருந்தது. ஆனால் அகன்று மங்கிப் பரவிய ஒளிக்கு ஏற்றது அகன்ற பார்வை கொண்ட சின்ன லென்ஸ் என்பதை அவர் கண்டுகொண்டார். எதை எடுக்கப்போகிறோம் என்பதைப் பொறுத்தே கருவி என்ற பாடத்தை 130 ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் துறை கற்றுவிட்டது.

கேமராவின் விலைக்கு வருவோம். அதற்கு முன், ஒளிப்படத் தட்டுகளின் காலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிச்சாவரத்திலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 160 கிலோமீட்டர் வடமேற்கே, ஜவ்வாது மலையில் காவலூர் வானோய்வகம் இருக்கிறது. 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு அங்கே வேலை தொடங்கியது. அதைத் தொடங்கி வளர்த்த வைணு பாப்பு, 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது ஒளிப்படத் தட்டில் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தவர். இன்று அந்த வானோய்வகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1988இல் ஆர். ராஜமோகன் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்குத்தான் ராமானுஜன் என்று பெயரிட்டார்கள். அந்தக் காலத்து ஒளிப்படத் தட்டுகளில் விழும் நூறு ஒளித்துகள்களில் ஒன்றோ இரண்டோதான் பதியும். மீதியெல்லாம் வீண்.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய சிசிடி என்னும் சென்சார் இதைத் தலைகீழாக்கியது. நூறில் ஐம்பது, அறுபது, பின்னர் தொண்ணூறு ஒளித்துகள்கள் வரை எலெக்ட்ரான்களாக மாறின. 2009இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். வானோய்வகங்களுக்கு வந்த இந்த வரம் தொழில்முறை சாராத ஆர்வலர்களை எட்டியபோது விலை கண்ணைக் கட்டியது. கோடாக் தயாரித்த 37 மில்லிமீட்டர் சதுர சிசிடி பொருத்திய கேமரா பத்தாயிரம் டாலர். வாங்கியவர்கள் மருத்துவர்கள், தொழிலதிபர்கள், அல்லது கல்லூரிகள். நம் ஊரில் அப்படி ஒன்றைப் பார்த்தவர்களே அரிது.

அந்த விலையை உடைத்தது வானவியல் அல்ல; கைப்பேசியும் கண்காணிப்புக் கேமராவும்தான். சிசிடிக்குப் பதிலாகச் சிமாஸ் என்ற தொழில்நுட்பம் கோடிக்கணக்கில் உற்பத்தியானது. தெருமுனையில் இரவிலும் முகம் தெரிய வேண்டும் என்று ஸோனி உருவாக்கிய ஸ்டார்விஸ் வகைச் சென்சார்கள், வியாழனையும் சனியையும் படமெடுக்கவும் அப்படியே பொருந்தின. 2015இல் ஸோனி, சிசிடி உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதற்குள் சீனாவின் ஸூஜோ நகரத்து ஸெட்டபிள்யூஓ, பெய்ஜிங்கின் கியூஎச்ஒய் போன்ற நிறுவனங்கள் இந்தச் சென்சார்களை வாங்கிச் சின்னஞ்சிறு உலோக உருளைகளில் அடைத்து விற்கத் தொடங்கியிருந்தன. கோள்களுக்கான சிறிய கேமரா 150 டாலர் அளவில் கிடைக்கிறது. நெபுலாக்கள் என்னும் மங்கலான வாயு மேகங்களுக்கான, குளிரூட்டிய, சதுர அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள சென்சார் கேமரா ஆயிரம் டாலருக்குள் வருகிறது. அதைவிடப் பெரிய ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார் கொண்ட கேமரா 2020இல் வெளிவந்தபோது சுமார் 2,000 டாலர். முழுச்சட்டக அளவென்றால் 4,000 டாலர்.

ஏன் இப்படி ஏறுகிறது? சென்சார் வெட்டப்படும் சிலிக்கான் தகட்டின் விட்டம் 300 மில்லிமீட்டர். அதில் 11 மில்லிமீட்டர் சதுரச் சென்சார்கள் நானூறுக்கு மேல் கிடைக்கும். 36க்கு 24 மில்லிமீட்டர் முழுச்சட்டகச் சென்சார் அறுபது, எழுபதுதான் தேறும். தகட்டில் எங்காவது ஒரு குறை இருந்தால் சின்னதில் நானூறில் ஒன்று போகும். பெரியதில் அறுபதில் ஒன்று போய்விடும். தவிர, அச்சிடும் இயந்திரம் ஒரே தடவையில் முழுச்சட்டக அளவைப் பதிக்காது; இரண்டு பகுதிகளாகப் பதித்துத் தைக்க வேண்டும். ஆக, பரப்பு இரு மடங்கானால் விலை இரு மடங்குக்கும் மேலே ஓடுகிறது.

ஆனால் இதே குடும்பச் சென்சார்கள் கடையில் விற்கும் மிரர்லெஸ் கேமராக்களிலும் இருக்கின்றன. 26 மெகாபிக்ஸல் அஸ்ட்ரோ கேமராவின் உறவினர் ஃபியூஜி கேமராவிலும், 61 மெகாபிக்ஸலின் உறவினர் ஸோனி கேமராவிலும் வேலை செய்கின்றன. அஸ்ட்ரோ கேமராவிலோ திரை இல்லை, பொத்தான் இல்லை, பேட்டரி இல்லை, வெறும் உருளை. அதற்கு ஏன் அவ்வளவு விலை? கூடுதல் பணம் பெரும்பாலும் குளிர்விப்புக்கும், ஈரம் புகாத சென்சார் அறைக்கும், சில ஆயிரம் பேர் மட்டுமே வாங்கும் பொருளுக்கான உழைப்புக்கும் போகிறது. ஆகவே கேள்வி இப்படிச் சுருங்குகிறது: அந்தக் குளிர்விப்பு இந்தக் கரையில் நமக்கு எவ்வளவு உதவும்?

இதற்கு இரைச்சல் என்றால் என்னவென்று பார்க்க வேண்டும். தூறல் விழும்போது முற்றத்தில் ஒரே அளவான இரண்டு பாத்திரங்களை ஒரு நிமிடம் வையுங்கள். இரண்டிலும் ஒரே எண்ணிக்கைத் துளிகள் விழாது. நூறு துளி எதிர்பார்க்கும் இடத்தில் தொண்ணூறும் இருக்கும், நூற்றுப்பத்தும் இருக்கும். இந்தத் தள்ளாட்டம் துளிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும் என்பது கணித விதி. வானத்திலிருந்து வரும் ஒளித்துகள்களும் அப்படித்தான். பிக்ஸலுக்குப் பிக்ஸல் எண்ணிக்கை தள்ளாடுவதே படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் இரைச்சல்.

ஒரு நெபுலாவைப் படமெடுக்கும்போது ஒவ்வொரு பிக்ஸலிலும் மூன்று இடங்களிலிருந்து எலெக்ட்ரான்கள் சேர்கின்றன. ஒன்று, நெபுலாவின் ஒளி. இரண்டு, வானத்தின் பின்னணி வெளிச்சம்: தெருவிளக்கு, தொழிற்சாலை, நிலவு எல்லாம் காற்றில் பட்டுச் சிதறி வருவது. மூன்று, ஒளியே படாமல் சென்சாரின் வெப்பத்தால் தானாக உதிர்பவை. இருட்டு மின்னோட்டம் என்று இதற்குப் பெயர். பின்னிரண்டின் சராசரியைக் கணினியில் கழித்துவிடலாம். தள்ளாட்டத்தைக் கழிக்க முடியாது. அதுதான் சங்கடம்.

இருட்டு மின்னோட்டம் ஏறக்குறைய ஒவ்வொரு 6 டிகிரிக்கும் இரட்டிக்கும். அஸ்ட்ரோ கேமராவின் உள்ளே, 1834இல் ஜான் பெல்டியே கண்ட விளைவை வைத்து இயங்கும் ஒரு மின்தகடு, சென்சாரைச் சுற்றுப்புறத்தைவிட 30, 35 டிகிரி குளிர வைக்கிறது. சித்திரை இரவில் கிள்ளைக் கரையில் 28 டிகிரி இருந்தால், சென்சார் மைனஸ் 5க்கு இறங்கும். இருட்டு மின்னோட்டம் நாற்பதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். காகிதத்தில் பார்த்தால் மாபெரும் வித்தியாசம்.

ஆனால் இன்றைய சென்சார்களின் இருட்டு மின்னோட்டமே மிகக் குறைவு. ஃபில்டர் எதுவுமில்லாமல் பால்வீதியையோ விண்மீன் கொத்தையோ எடுக்கும்போது, வானப் பின்னணியிலிருந்து வரும் எலெக்ட்ரான்கள் சூட்டிலிருந்து வருபவற்றைவிடப் பல மடங்கு அதிகம். பெரிய இரைச்சல் இருக்கும் இடத்தில் சின்ன இரைச்சலைக் குறைக்க லட்சம் செலவழிப்பதால் படம் பெரிதாக மாறாது. ஹைட்ரஜன்-ஆல்ஃபாவை மட்டும் விடும் குறுகிய ஃபில்டர் போட்டால் கதை மாறும். அப்போது வானப் பின்னணி பெருமளவு அடைபட்டுப் போய், சூடுதான் முதன்மை எதிரியாகிறது. குளிர்விப்புக்குப் பணம் கொடுப்பது அங்கே நியாயம்.

அதைவிடப் பெரிய பயன் ஒன்று இருக்கிறது. விலைப்பட்டியலில் அதை யாரும் முன்னால் எழுதுவதில்லை. சூட்டின் பங்கைக் கழிக்க, மூடியைப் போட்டு அதே வெப்பநிலையில், அதே நேர அளவில் டார்க் ஃபிரேம் எடுக்க வேண்டும். சாதாரணக் கேமராவின் வெப்பநிலை இரவு முழுக்க ஏறி இறங்கும். எனவே தெளிந்த வானத்தின் நேரத்திலேயே ஒரு மணி நேரத்தை மூடி போட்டுக் கழிக்க வேண்டும். குளிர்விக்கும் கேமராவில் மைனஸ் 5 என்று நிறுத்தினால் மைனஸ் 5தான். டார்க் ஃபிரேம்களை வீட்டில் பகலில் எடுத்துக்கொள்ளலாம். தெளிந்த இரவே அருமையாகக் கிடைக்கும் இடத்தில் அந்த ஒரு மணி நேரத்துக்கு விலை அதிகம்.

இனி அந்த இரண்டாம் இரைச்சல், வானப் பின்னணி. பெருநகர மையத்தின் வானத்துக்கும் நல்ல கிராமத்து வானத்துக்கும் ஒளிப்பொலிவு அளவையில் மூன்று படி வித்தியாசம் சாதாரணம். மூன்று படி என்றால் ஏறக்குறைய 16 மடங்கு வெளிச்சம். மங்கலான நெபுலா ஒன்றை ஒரே தரத்தில் பதிக்க, கிராமத்தில் ஒரு மணி நேரம் போதுமென்றால் நகரத்தில் 16 மணி நேரம் வேண்டும். பழைய டிஎஸ்எல்ஆர் சென்சார் நூறில் நாற்பது ஒளித்துகளைப் பிடிக்கும். இரண்டு லட்ச ரூபாய்க் கேமரா எண்பதைப் பிடிக்கும். கேமராவை மாற்றினால் இரண்டு மடங்கு. இடத்தை மாற்றினால் பதினாறு மடங்கு. சென்னை மாடியில் விலையுயர்ந்த கேமரா வைத்திருப்பவரைவிட, கிள்ளைக்கு வந்துசேர்ந்த பழைய கேமராக்காரர் முன்னே நிற்கிறார். இதை நான் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. எண்களே அப்படிச் சொல்கின்றன.

பிச்சாவரத்தின் திசைகளைப் பாருங்கள். மேற்கே சிதம்பரம், வடமேற்கே சுரங்கங்களும் மின்நிலையங்களும் ஒளிரும் நெய்வேலி, வடக்கே பரங்கிப்பேட்டை, அதற்கும் அப்பால் நேர்வடக்கில் கடலூரும் அதன் சிப்காட் தொழிற்பேட்டையும். கிழக்கே வங்கக்கடல். தெற்கே கொள்ளிடம் கடலோடு கலக்கும் முகத்துவாரம். வடக்கு வெளுத்து, கிழக்கும் தெற்கும் இருண்டிருக்கும் வானம் இது.

இந்த அமைப்பால் ஒரு தொல்லையும் ஒரு பேறும் உண்டு. தொல்லை துருவமீனால். நெடுநேரம் திறந்து எடுக்கும் படத்துக்கு, பூமி சுழலும் வேகத்துக்கு எதிராகக் கேமராவைத் திருப்பும் மவுண்ட் கட்டாயம். வானம் ஒரு விநாடிக்கு 15 வில்விநாடி நகர்கிறது. 250 மில்லிமீட்டர் லென்ஸில் ஒரு பிக்ஸல் மூன்று வில்விநாடியை மட்டுமே காண்பதால், மவுண்ட் இல்லாவிட்டால் விண்மீன் விநாடியின் ஐந்தில் ஒரு பங்கிலேயே அடுத்த பிக்ஸலுக்குத் தாவிவிடும். மவுண்டின் அச்சு வானத்தின் வடதுருவத்தை நோக்க வேண்டும். பிச்சாவரத்தின் அட்சரேகை 11.4 டிகிரி, எனவே துருவமீனும் அடிவானிலிருந்து 11 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், அதுவும் சரியாகக் கடலூரின் வெளிச்சத்துக்கு மேலே, கடலோர மங்கலுக்குள். ஐரோப்பாவின் 50 டிகிரிக்காக வடிவமைத்த மவுண்டுகளை இவ்வளவு கீழே சாய்த்தால், எடைக்கல் தண்டு முக்காலியில் இடிப்பதும் உண்டு. ஆகவே இங்கே பணம் முதலில் போகவேண்டியது கேமராவுக்கு அல்ல. தாழ்ந்த அட்சரேகையில் ஆடாமல் நிற்கும் மவுண்டுக்கும், துருவமீன் தெரியாவிட்டாலும் எடுத்த படத்தின் விண்மீன்களை அடையாளம் கண்டே அச்சைச் சரிசெய்யும் மென்பொருளுக்கும்தான். பின்னது பல இலவசம்.

பேறு தெற்கில் இருக்கிறது. வானத்தின் மிகப்பெரிய கோளவடிவ விண்மீன் கொத்தான ஒமேகா சென்டாரி, சித்திரை, வைகாசி இரவுகளில் கொள்ளிடத்துக்கு மேலே 31 டிகிரி உயரத்தில் நிற்கும். லண்டனில் அது உதிப்பதே இல்லை. பக்கத்தில் தூசிப்பட்டை குறுக்கே ஓடும் சென்டாரஸ்-ஏ விண்மீன் மண்டலம். இன்னும் தாழ்வாக, 19 டிகிரியில், ஒரையன் நெபுலாவைவிடப் பெரிதான கரினா நெபுலா. ஐரோப்பிய ஆர்வலர் இவற்றுக்காக நமீபியாவுக்கோ சிலிக்கோ விமானச் சீட்டு எடுக்கிறார். அந்தச் செலவும் அவர்களுடைய கேமராக் கணக்கில் சேர்ந்ததுதான். கடலூர் மாவட்டத்துக்காரருக்கு அது பேருந்துக் கட்டணம்.

கோள்களுக்கு வந்தால் நம் நிலை இன்னும் மேல். வியாழன் வடகோடியில் இருக்கும் ஆண்டுகளில் பிச்சாவரத்தில் 78 டிகிரி உயரத்தில் ஏறும்; தலைக்கு நேர் மேலே என்றே சொல்லலாம். காற்றின் அடர்த்தியான படலத்தைக் குறைந்த தூரமே ஒளி கடக்கிறது. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல் வேகமாக ஓடும் ஜெட் காற்றோட்டம் இந்த அட்சரேகைக்கு வருவதில்லை என்பதால் உருவமும் அதிகம் நடுங்காது. கோள்களைப் படமெடுப்பதில் பேர்பெற்ற பிரிட்டிஷ்காரர் டேமியன் பீச், கருவிகளைத் தூக்கிக்கொண்டு பார்படோஸ் தீவுக்குப் போனது இதற்காகத்தான். பார்படோஸின் அட்சரேகை 13 டிகிரி. கோள் படத்துக்கு ஒவ்வொரு ஃபிரேமும் சில மில்லிவிநாடிதான். இரண்டு நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் எடுத்து, காற்று அசையாத கணத்தில் பதிந்த நூறில் பத்தை மட்டும் மென்பொருள் பொறுக்கி அடுக்கும். அத்தனை குறுகிய நேரத்தில் இருட்டு மின்னோட்டத்துக்கு வேலையே இல்லை. குளிர்விப்பு வேண்டாம், பெரிய சென்சாரும் வேண்டாம். 150 டாலர் கேமராவே போதும். 2009 ஜூலையில் வியாழன் மேல் ஏதோ மோதிய கரும்புள்ளியை முதலில் கண்டவர் ஆஸ்திரேலிய ஆர்வலர் ஆண்டனி வெஸ்லி. தன் வீட்டுத் தொலைநோக்கியில் ஒரு சிறிய காணொளிக் கேமராவைப் பொருத்தி வைத்திருந்தார்.

மேகத்தைச் சொல்லாமல் இந்தக் கரையைப் பற்றி எழுத முடியாது. பிச்சாவரத்துக்கு வடக்கே 55 கிலோமீட்டரில் புதுச்சேரி. வெள்ளி, சூரியனைக் கடப்பதை அளக்க பிரான்சிலிருந்து புறப்பட்ட வானவியலாளர் லெ ஜான்தீ, 1761இல் போரினால் கரையிறங்க முடியாமல் ஆடும் கப்பலிலிருந்தே அதைப் பார்த்து வீணாக்கினார். எட்டு ஆண்டு காத்திருந்து, புதுச்சேரியில் இடிந்த ஆளுநர் மாளிகை மேல் ஆய்வகம் கட்டி, 1769 ஜூன் 4 காலைக்குத் தயாரானார். முந்தைய நாட்களெல்லாம் தெளிந்திருந்த வானம் அன்று காலை மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பிறகு வெயில் வந்தது. புதுச்சேரியில் இருந்த நாட்களில் அவர் தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணிப்பைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணிப்பு 41 விநாடி குறைத்துச் சொன்னது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான தோபியாஸ் மேயருடையது 68 விநாடி கூட்டிச் சொன்னது. இதை எழுதி வைத்தவரும் லெ ஜான்தீயே.

மேகத்தைக் கணக்கில் சேர்த்தால் கேமராவின் உண்மை விலை தெரியும். ஐப்பசி முதல் மார்கழி பாதி வரை வடகிழக்குப் பருவமழை. ஆடி, ஆவணியில் மாலை இடியும் மேகமும். தை முதல் வைகாசி வரையிலான ஐந்து மாதம்தான் நம்பத்தக்கது. மாதத்துக்கு அமாவாசையை ஒட்டிய பத்து இரவு என்று வைத்தால் ஐம்பது. மங்கலுக்கும் வேலைநாளுக்கும் பாதியைக் கொடுத்தால் இருபத்தைந்து. ஐந்து ஆண்டில் 125 இரவு. இரண்டு லட்ச ரூபாய்க் கேமரா ஒரு இரவுக்கு 1,600 ரூபாய். இருபதாயிரம் ரூபாய்ப் பழைய கேமரா 160 ரூபாய். முதலாமது பத்து மடங்கு நல்ல படத்தைத் தந்தால் வாங்கலாம். தராது.

கடலும் தன் பங்கைக் கேட்கும். சுரபுன்னைக் காட்டைச் சுற்றிய உப்பங்கழியின் ஈரத்தில், நள்ளிரவுக்குள் லென்ஸ் வேர்த்துவிடும். முகப்பில் சுற்றும் சூடேற்றும் பட்டை கட்டாயம். குளிர்விக்கும் கேமரா என்றால் சென்சார் அறையின் கண்ணாடியிலேயே பனி படியும். உள்ளேயுள்ள சிலிக்கா ஜெல்லை அவ்வப்போது காயவைத்து மாற்ற வேண்டும். 12 வோல்ட்டில் மூன்று ஆம்பியர் வரை இழுப்பதால் நல்ல பேட்டரி தனிச் செலவு. உப்புக்காற்று மவுண்டின் திருகுகளை அரிக்கும். எல்லாவற்றிலும் கொடியது லென்ஸில் பூக்கும் பூஞ்சை. பழைய லென்ஸ் வாங்கும்போது டார்ச் அடித்து உள்ளே சிலந்திவலைபோல் நூல் ஓடுகிறதா என்று பாருங்கள். வீட்டில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் சில நூறு ரூபாய்தான். அதை வாங்காமல் விட்டுக் கெட்டுப்போன லென்ஸ்கள் இந்தக் கரையோர ஊர்களில் ஏராளம்.

வரியும் இருக்கிறது. டிஜிட்டல் கேமராக்களுக்கான ஜிஎஸ்டி 2019 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியது. அஸ்ட்ரோ கேமரா எதுவும் இங்கே தயாராவதில்லை என்பதால் சுங்கம், கூரியர், விற்பனையாளர் பங்கு எல்லாம் மேலே ஏறும். அதனால்தான் 2,000 டாலர் கேமரா இங்கே இரண்டு லட்சத்தைக் கடக்கிறது. பள்ளிகளுக்கும் அறிவியல் மன்றங்களுக்குமாவது இந்தக் கருவிகளில் சலுகை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2023இல் வந்த சீஸ்டார் எஸ்50 என்ற தானியங்கித் தொலைநோக்கி இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றிவிட்டது. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள லென்ஸ், கண்காணிப்புக் கேமராச் சென்சார், மவுண்ட், நெபுலா ஃபில்டர், பனி போக்கும் சூடேற்றி எல்லாம் ஒரே பெட்டியில், 500 டாலருக்கு. துருவமீனைத் தேட வேண்டாம் என்பது நம் அட்சரேகைக்குப் பெரிய ஆறுதல். படத்தின் அகலம் சிறிது. பர்னார்டு வளையம் அடங்காது. ஆனால் ஒரு பள்ளிக்கூட மொட்டைமாடியில் நாற்பது பிள்ளைகள் கைப்பேசித் திரையில் ஒமேகா சென்டாரி துளித்துளியாக உருவாவதைப் பார்க்க முடியும் என்றால், இந்த மாவட்டத்துக்கு முதலில் வரவேண்டிய கருவி அதுவே என்பேன்.

தனி ஆளாக ஒரு லட்சம் வைத்திருப்பவர் என்னிடம் கேட்டால் இப்படிப் பிரிப்பேன்: நாற்பதாயிரம் மவுண்டுக்கு, இருபதாயிரம் ஃபில்டர் நீக்கிய பழைய டிஎஸ்எல்ஆருக்கு, இருபதாயிரம் பூஞ்சை இல்லாத 135 அல்லது 200 மில்லிமீட்டர் லென்ஸுக்கு, மீதி சூடேற்றும் பட்டை, பேட்டரி, டப்பா, பயணத்துக்கு. அடுக்கும் மென்பொருளான சிரிலும் டீப்ஸ்கைஸ்டேக்கரும் இலவசம். இரண்டு பருவம் இதை வைத்து எடுத்த பிறகு, குறுகிய ஃபில்டரில் ஹைட்ரஜனைத் தேடும் ஆசை விடாமல் பிடித்தால், அப்போது குளிர்விக்கும் கேமராவுக்குப் போகலாம். அதற்குள் அதன் விலையும் இறங்கியிருக்கும். இருபது ஆண்டாக இறங்கிக்கொண்டேதான் வருகிறது.

விலை ஏறுவது வானத்துக்குத்தான். லடாக்கின் ஹான்லே 2022இல் இருள்வானக் காப்பகமானது. நம் மாநிலத்திலும் கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா அமைக்கும் அறிவிப்பு வந்திருக்கிறது. கடற்கரைக்கு அப்படி எதுவும் இல்லை. கிள்ளை முதல் பழையாறு வரையிலான இருட்டைக் காக்கக் காப்பகப் பட்டம் கூடத் தேவையில்லை. வெள்ளை எல்இடிக்குப் பதில் மஞ்சள் ஒளி, மேலே சிதறாத மூடி, கடலை நோக்கித் திரும்பாத முகம் இருந்தால் போதும். தை முதல் பங்குனி வரை இந்தக் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள், கடலின் மெல்லிய வெளிச்சத்தை நோக்கி நகர வேண்டியவை, தெருவிளக்கைப் பார்த்து ஊருக்குள் திரும்பிச் சாகின்றன. அவற்றுக்காக வனத்துறையும் தன்னார்வலர்களும் கேட்பதும் இதே விளக்குகளைத்தான்.